ஆயர் வராத ஞாயிறுகள்: தேயிலைத் தோட்டச் சபையில் வார ஆராதனையை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி: வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 40 குடும்பங்கள் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இந்த ஆண்டு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். ஆயர் (போதகர்) மாதம் ஒரு ஞாயிறுதான் வருகிறார். அவருக்கு உதவியாக ஆராதனை நடத்தும் உபதேசியார் பணியிடம் காலி. வார ஆராதனை தடைப்படாமல் நடக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும்? நான் சமவெளிச் சபையில் வளர்ந்தவன். மலை எனக்குப் புதிது.

பதில்:

முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52 ஞாயிறு. ஆயர் வருவது 12. மண்சரிவு, பஸ் ரத்து, பேராயக் கூட்டம் என்று அதிலும் இரண்டொன்று கழியும். ஆக குறைந்தது 40 ஞாயிறு உங்கள் கையில். பெரும்பாலான செயலாளர்கள் ஆயர் வரும் ஞாயிறுக்குத்தான் ஓடியாடி ஏற்பாடு செய்வார்கள். மற்ற ஞாயிறுகளை "யாராவது நடத்திக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுவார்கள். சபை தளர்வது அங்கேதான். ஆயர் வரும் நாள் தானாகவே நடந்துவிடும். ஏற்பாடெல்லாம் அந்த 40-க்கு இருக்கட்டும்.

நேரத்தில் தொடங்குவோம். தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) வந்த காலத்திலிருந்தே 7 நாளில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது சட்டம். தோட்டங்களில் அது வழக்கமாக ஞாயிறு. அந்த ஒரு நாளில்தான் துணி துவைக்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், டவுனுக்குப் போய் அரிசி பருப்பு வாங்க வேண்டும், விடுதியில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆகவே ஆராதனை நேரத்தை பஸ் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மதியப் பஸ் 11.30-க்கு என்றால் ஆராதனை 9.30-க்குத் தொடங்கி 10.50-க்குள் முடிய வேண்டும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஞாயிறன்றும் கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று பறிக்கக் கூப்பிடுவார்கள். அதற்குப் போகிறவர்களைப் பிரசங்கத்தில் குத்திப் பேசுவதில் பயனில்லை. பள்ளிக் கட்டணம் அந்தக் காசில்தான் கட்டுகிறார்கள். அந்த வாரங்களுக்கு மட்டும் காலை 6.30-க்கு 40 நிமிடத்தில் ஒரு சிறு ஆராதனை, அல்லது மாலை 4.00-க்கு முழு ஆராதனை என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றத்தை இரண்டு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். மாலை என்றால் 5.45-க்குள் எல்லோரும் லைனுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பியிருக்க வேண்டும். காரணம் யானை; அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து ஆட்கள். நடத்துகிறவர், பிரசங்கிப்பவர், பாடம் வாசிப்பவர்கள் இருவர், ஜெபிப்பவர், காணிக்கை எடுப்பவர்கள் இருவர்: ஒரு ஞாயிறுக்கு 7 பேர் வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு அட்டவணை போட்டு, ஆலயக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் ஒரே மழையில் எழுத்தெல்லாம் கரைந்துவிடும். நடத்துகிறவரும் பிரசங்கிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் விதியாகவே வையுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் சபையில், அவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறு கதவு பூட்டியிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மூன்றே வருடத்தில் அது "அவருடைய கோயில்" ஆகிவிடும். பிறகு கணக்குக் கேட்டாலே சண்டை.

ஆயர் இல்லாதபோது நடத்துகிறவர் செய்யக் கூடாதவை மூன்று: திருவிருந்து, பாவமன்னிப்பு கூறுதல், ஆசீர்வாதம் கூறுதல். மூன்றும் குருப்பட்டம் பெற்றவருக்கு உரியவை. திருவிருந்தில் யாரும் தவறுவதில்லை. மற்ற இரண்டில்தான் தெரியாமல் தவறுகிறார்கள், அதுவும் ஒரே ஒரு சொல்லில். பாவ அறிக்கைக்குப் பிறகு ஆயர் "உங்கள் பாவங்களை மன்னித்து" என்பார். நீங்கள் "எங்கள் பாவங்களை மன்னித்தருளும்" என்று ஜெபமாகச் சொல்ல வேண்டும். முடிவில் அவர் "உங்கள் அனைவரோடும்" என்பார். நீங்கள் "நம் அனைவரோடும் இருப்பதாக" என்று கிருபை வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். கையை உயர்த்தக் கூடாது. நடத்துகிறவரின் புத்தகத்தில் இந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். மேடையில் நிற்கும்போது பழக்கத்தில் வாய் தானாக ஆயர் சொல்வதையே சொல்லிவிடும்.

80 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். ஆரம்பப் பாட்டும் ஆயத்த ஜெபமும் 8. பாவ அறிக்கை 4. சங்கீதம் மாறி மாறி வாசிக்க 5. பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் மூன்று பாடமும் இடையில் ஒரு கீர்த்தனையும் 14. விசுவாசப்பிரமாணம் 2. அறிவிப்பு 4. பிரசங்கத்துக்கு முன் பாட்டு 5. பிரசங்கம் 15. பொது ஜெபம் 8. காணிக்கைப் பாட்டு 6. பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திர ஜெபம் 4. கர்த்தருடைய ஜெபம், கிருபை, முடிவுப் பாட்டு 5. நேரம் கசிவது இரண்டு இடத்தில்: அறிவிப்பிலும் பொது ஜெபத்திலும். அறிவிப்பைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒழிய வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பொது ஜெபத்துக்கு 5 தலைப்பு கொடுங்கள்: நாடு, தோட்டம், நோயாளிகள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், சபை. நோயாளிகளின் பெயர்களை முன்கூட்டியே கேட்டு எழுதித் தாருங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பெயர் விடுபடும். அந்த வீட்டார் இரண்டு மாதம் கோயில் பக்கம் வரமாட்டார்கள்.

பிரசங்கத்துக்கு 15 நிமிடம் போதும். சி.எஸ்.ஐ. நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் தலைப்பும் பாடங்களும் இருக்கின்றன. பிரசங்கிப்பவர் அதை மூன்று வாரம் முன்பே வாங்கிப் பார்த்து, மூன்று பாடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசட்டும். மூன்றையும் கோத்துப் பேசுவது தேர்ந்தவர்களுக்கே சிரமம். செல்போனில் வந்த பிரசங்கத்தை அப்படியே வாசிப்பது இப்போது பரவியிருக்கிறது. அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: உவமையில் கடற்கரையும் விமான நிலையமும் வரும், கவாத்து வெட்டும் கத்தி வராது. கவாத்து, களை எடுப்பு, எடை போடும்போது கழிக்கும் கிலோ, இவையெல்லாம் கேட்கிறவர்களின் உலகம். யோவான் 15-ல் கிளை நறுக்கும் பகுதியை, ஒவ்வொரு கவாத்துக்கும் செடியின் இடுப்புவரை வெட்டுகிறவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம், வாசித்தாலே போதும்.

பாடம் வாசிக்க இளைஞர்களை மட்டும் போடாதீர்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கள் பலருக்கு 23, 91, 121 சங்கீதங்கள் மனப்பாடம். மாதம் ஒரு முறை சங்கீதத்தை அவர்கள் சொல்ல, சபை பின்தொடரட்டும். இன்னொன்று: வால்பாறைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா ஆட்கள் நிறைய. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ராஞ்சிப் பக்கம் ஜெர்மன் மிஷனெரிகள் 1845-லேயே வந்துவிட்டார்கள். இந்த ஜார்க்கண்ட் ஆட்கள் ஆலயத்தின் கடைசி வரிசையில் மொழி புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள், நான்கு வாரத்தில் நின்றுவிடுவார்கள். சுவிசேஷப் பாடத்தைத் தமிழுக்குப் பின் இந்தியில் அவர்களில் ஒருவரே வாசிக்கட்டும். இதற்கு ஆகும் செலவு 3 நிமிடம். ஒரு இந்தி வேதாகமம் வாங்கி வாசிப்பு மேசையில் நிரந்தரமாக வையுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் செல்போனில்தான் இருக்கும், ஆலயத்துக்குள் சிக்னல் இருக்காது.

பாட்டு விஷயத்தில் மலைச்சபைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்துக்கு ஆள் வந்தது பல ஊர்களிலிருந்து. திருநெல்வேலிக்காரர் ஆங்கிலிக்கன் வழி. நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன் வழி. மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் வழி. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இந்தச் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. நிர்வாகம் ஒன்றானது, ராகம் ஒன்றாகவில்லை. நீலகிரியில் இன்னொரு அடுக்கும் உண்டு: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கென்று 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள். ஒரே கீர்த்தனையை இரண்டு மெட்டில் பாடி, நடுவில் மோதி நிற்பதை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். ஆயரை ஏதாவது குடும்பம் "ஐயர்" என்று அழைத்தால் அவர்கள் தெற்கத்தி ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டும் அப்படித்தான் வரும். இதற்கு வழி, சனிக்கிழமை மாலை 30 நிமிடப் பாட்டுப் பயிற்சி. அன்றே எந்த மெட்டு என்று முடிவாகட்டும். பாட்டுப் பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் பா (பாமாலை), கீ (கீர்த்தனை) என்று எழுதிவிடுங்கள், எந்தப் புத்தகம் என்று தேடாமல் இருக்க. ஒரு ஞாயிறுக்குப் புதுப்பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி ஈரம். சமவெளியிலிருந்து வந்தவருக்கு இதுதான் புதிது. ஆனைமலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சின்னக்கல்லாறு நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. உங்கள் சரிவுக்கு எந்த மழை என்று பார்த்துத்தான் ஆண்டு அட்டவணை போட வேண்டும்.

ஆர்மோனியத்துக்கு ஈரம்தான் எமன். ரீடில் பச்சை பூக்கும். துருத்தித் துணியில் பூஞ்சை பிடிக்கும். கட்டை ஊறி, அழுத்திய ஸ்வரம் திரும்பி எழாது. அதை மர அலமாரியில் வைத்து, உள்ளே கீழ்த்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை மழைக்காலம் முழுக்க எரியவிடுங்கள். எல்.இ.டி. பல்பு சரிவராது, அதில் சூடு இல்லை. பல்புக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். துணி எதுவும் மேலே தொங்கக் கூடாது. அதே அலமாரியின் மேல்தட்டில் பாட்டுப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் வைக்கலாம். டோலக்கின் தோல் மூடுபனியில் தொய்ந்து தொம்தொம் என்று செத்த சத்தம் கொடுக்கும். ஆராதனைக்கு அரை மணி முன் அலமாரிச் சூட்டிலோ அடுப்பங்கரையிலோ வைத்து எடுங்கள். நேரடி நெருப்பில் காட்டினால் தோல் விரியும்.

திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பில் கறுப்புப் புள்ளி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கஞ்சி. கஞ்சி போட்டு மடித்து வைத்தால் பூஞ்சைக்கு அது விருந்து. கஞ்சியில்லாமல் துவைத்து, வெயில் வந்த அன்று நன்றாகக் காயவைத்து, சுருட்டி வையுங்கள். விரிக்கும் முதல் நாள் மட்டும் கஞ்சி போட்டுத் தேயுங்கள். ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை பிரசங்கபீடத் துணிகளும் அப்படித்தான். பச்சைத் துணி பெந்தெகொஸ்தேக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து தொங்கும், அதுவும் முழு மழைக்காலத்தில். இரண்டு செட் இருந்தால் மாற்றிக் காயவைக்கலாம். தரைக்கு ஜமுக்காளம் வேண்டாம், பிளாஸ்டிக் பாய் போடுங்கள். செருப்பு கழற்றும் இடத்தில் துணியில் கட்டிய உப்பு முடிச்சு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அட்டை ஏறிய காலில் அதை ஒற்றினால் விழுந்துவிடும். முழந்தாளிட்டிருக்கும் நேரத்தில் சிறுமி ஒருத்தி அலறாமல் இருப்பாள்.

தகரக் கூரையில் மழை கொட்டினால் பிரசங்கம் ஒரு சொல்லும் கேட்காது. அப்போது குரலை உயர்த்திக் கத்துவதைவிட, பாட்டை அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்வது நல்லது. 5 நிமிடத்தில் மழையின் வேகம் குறையும். கூரைக்குக் கீழே தட்டிப் பலகை அடித்தால் சத்தம் குறையும். மைக் செட்டை விட முதலில் அதற்குச் செலவழியுங்கள். 80 பேர் உட்காரும் இடத்துக்கு மழை இல்லாத நாளில் மைக் தேவையே இல்லை. வெளியே புனல் ஒலிபெருக்கி கட்டவே வேண்டாம். பக்கத்து லைனில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மாரியம்மன் கோயிலும் இருக்கிறது.

ஆலய மணியை முதல் மணி 9.00-க்கு, இரண்டாம் மணி 9.25-க்கு அடியுங்கள். பல தோட்ட ஆலயங்களில் மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். மஸ்டருக்கு (வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் நேரத்துக்கு) அடிப்பதும் அதே மாதிரித் துண்டு என்றால் ஆட்கள் குழம்புவார்கள். மஸ்டர் அடி தொடர்ச்சி, கோயில் அடி மும்மூன்றாக என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெண்கல மணி என்றால் கயிற்றைப் பாருங்கள். சணல் கயிறு இரண்டு மழைக்காலத்தில் உள்ளுக்குள் இற்றுவிடும், வெளியே தெரியாது. நைலான் போட்டுக் கைப்பிடியில் மூன்று முடிச்சு இடுங்கள், வழுக்காது. இறப்பு மணிக்கு எத்தனை அடி என்பது சபைக்குச் சபை மாறும். மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) மாறும்போது குழப்பம் வராது.

ஆயர் வரும் திருவிருந்து ஞாயிறு. முந்தின ஞாயிறே திடப்படுத்தல் பெற்றவர்களில் (திருவிருந்தில் சேரத் தகுதி பெற்றவர்களில்) எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணி, அதற்கு மேல் 10 அப்பம் கூட்டி வையுங்கள். அப்பத்தை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், அடியில் வறுத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திராட்சைரசத்துக்கு, கறுப்பு உலர்திராட்சை 250 கிராமைக் கழுவி 1 லிட்டர் தண்ணீரில் வெள்ளி இரவு ஊறவையுங்கள். சனிக்கிழமை அதே தண்ணீரோடு சிறுதீயில் 25 நிமிடம் கொதிக்கவிட்டு, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய 700 மில்லி தேறும். ஒரே பாத்திரத்தில் அருந்தினால் 70 பேருக்குத் தாராளம். சிறு கிண்ணம் என்றால் ஆளுக்கு 10 மில்லி, சரியாக இருக்கும். மலைக்குளிரில் கெடாது என்று நம்பி புதன்கிழமையே செய்து வைக்காதீர்கள். மூன்றாம் நாள் நுரைக்கத் தொடங்கும். மீந்ததைக் கொட்டக் கூடாது, வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆயரும் அவர் அழைப்பவர்களும் அங்கேயே அருந்தி முடிப்பார்கள்.

சமாதானம் பகிர்தலைப் பற்றி ஒரு சொல். ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடுவது கேரளச் சுரியானிக் கிறிஸ்தவ மரபிலிருந்து சி.எஸ்.ஐ. எடுத்துக்கொண்ட முறை. மேசையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசிவரை போக வேண்டும். மேஸ்திரி வரிசையோடு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். தோட்டத்து அந்தஸ்து ஆலயத்துக்குள் நுழையும் இடம் இதுதான்.

காணிக்கையைப் பொறுத்தவரை, சம்பளம் மாதத் தொடக்கத்தில் போடுவார்கள். அதற்குப் பின் வரும் ஞாயிறுதான் சந்தா கேட்க ஏற்ற ஞாயிறு. நான்காம் ஞாயிறு கேட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும். ஆராதனை முடிந்த உடனே, வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் எண்ணி, பதிவேட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். "வீட்டுக்குப் போய் எண்ணிக்கொள்ளலாம்" என்ற பேச்சே வரக் கூடாது. செல்போன் பணத்துக்கு ஒட்டும் சதுரக் குறி (கியூ.ஆர்.) சபையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும், பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், கணக்கு ஒப்படைக்கும் நாளில் பிரிக்க முடியாது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடி அரிசியை விட்டுவிடாதீர்கள். சமைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவது. சுமார் 50 கிராம். ஒரு வீட்டுக்கு வாரம் 350 கிராம். 30 வீடு கொடுத்தால் 10 கிலோ. மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய இதே பழக்கம் அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்தது. இங்கே ரேஷன் அரிசி இலவசம் என்பதால் விற்றால் விலை வராது. விற்காமல், நோயில் படுத்தவர் வீட்டுக்கும் அசனத்துக்கும் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்துக்கும்) வையுங்கள். ஆனால் அரிசியை ஆலயத்துக்குள் சேர்த்து வைக்காதீர்கள்.

ஏனென்றால் யானை. அரிசி, உப்பு, சர்க்கரை, வாழைப்பழ வாசனைக்கு ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக்கூடச் சுவரையும் வால்பாறையில் யானைகள் உடைப்பது வழக்கம். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின இரவு வாழைத்தாரும் பலாவும் கரும்பும் பலிபீடத்தைச் சுற்றி அடுக்கிவிட்டுப் பூட்டிப் போவது, கதவை யானைக்குத் திறந்து வைப்பது மாதிரி. காணிக்கைப் பொருட்கள் காலையில்தான் ஆலயம் வரட்டும். இரவுக்குள் ஏலம் முடிந்து வெளியே போய்விட வேண்டும். வார நாள் வீட்டு ஜெபங்களை லைன் வாரியாகப் பிரித்து, ஒரே லைனுக்குள் நடக்கும்படி வையுங்கள். பறிப்பு முடிந்து வருகிறவர்கள் 6.00-க்கு உட்கார்ந்து 6.45-க்கு எழட்டும். யானை நடமாட்டத்தை அறிவிக்கும் குறுஞ்செய்தியும், தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கும் வால்பாறையில் பல ஆண்டாக உண்டு. சபையில் குறைந்தது 4 பேர் எண்ணாவது அதில் பதிவாகியிருக்கட்டும். விளக்கு எரிந்தால் அன்று ஜெபம் இல்லை, விசுவாசக் குறைவு என்று யாரும் பேச வேண்டாம். சிறுத்தைக்காகவும் ஒரு விதி: இருட்டிய பின் பிள்ளைகளைப் புத்தகம் எடுத்துவரத் தனியாக அனுப்பக் கூடாது. கிறிஸ்துமஸ் கீத பவனியும் டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஓர் இரவாக, ஜீப் துணையோடு போகட்டும்.

ஏலத்தில் வம்பு வருவது கடனால். உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டுப் பிறகு முகம் மறைப்பார்கள். பெயர், பொருள், தொகை மூன்றையும் உடனே எழுதி, கட்டும் தேதியையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலை ஆலயத்தில் வாசிக்காதீர்கள், வீட்டில் போய்க் கேளுங்கள்.

அசனத்துக்கு 200 பேர் என்றால் அரிசி 25 கிலோ, ஆட்டுக்கறி 20 கிலோ, துவரம்பருப்பு 5 கிலோ. சமவெளிச் சமையல்காரரைக் கொண்டு வந்தால் நேரக் கணக்கு தப்பும். வால்பாறை ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93-ஐத் தாண்டாது. திறந்த அண்டாவில் பருப்பும் முற்றின கறியும் வேகக் கூடுதல் நேரமாகும். பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, அது வெந்த பிறகே உப்பும் புளியும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுப்பு விடியற்காலை 4.00-க்கே எரிய வேண்டும். விறகை இரண்டு வாரம் முன்பே கூரைக்குள் போட்டு உலர்த்தாவிட்டால் புகைதான் மிஞ்சும்.

திருமண ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்ற அறிவிப்பு) மூன்று ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும். ஆயர் வராத ஞாயிறும் அதில் அடங்கும். எனவே ஓலைத் தாளை அவர் கையெழுத்தோடு முன்பே வாங்கி, நடத்துகிறவரிடம் கொடுத்து, வாசித்த தேதியைக் குறித்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் மண்டபமும் பத்திரிகையும் முடிவான பின் தேதியை நகர்த்த வேண்டியிருக்கும்.

அடக்கத்துக்கு ஆயர் நேரத்துக்கு வந்து சேரமாட்டார் என்று எண்ணியே தயாராகுங்கள். அவருடைய அனுமதியைத் தொலைபேசியில் பெற்று நடத்துபவர் அடக்க ஒழுங்கை வாசிக்கலாம். கல்லறைத் தோட்டம் எஸ்டேட் நிலத்தில் இருந்தால் மானேஜருக்கு உடனே தகவல் போக வேண்டும். மழையில் தோண்டும் குழியில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊறும். சரிவின் மேல்பக்கம் முழ அகலத்தில் பிறைவடிவ வாய்க்கால் ஒன்று முதலில் வெட்டிவிட்டு, பிறகு குழியைத் தோண்டுங்கள், மேலே தார்ப்பாய். இறைத்துக் கொட்ட இரண்டு வாளி. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் குவிக்க வேண்டும், மேல்பக்கம் குவித்தால் திரும்ப உள்ளேயே சரியும்.

கடைசியாகப் பதிவேடுகள். ஆராதனைப் பதிவேட்டில் தேதி, ஞாயிறின் பெயர், நடத்தியவர், பிரசங்கித்தவர், வசனம், வந்தோர் எண்ணிக்கை, நற்கருணை பெற்றோர், காணிக்கை, எல்லாம் அன்றே எழுதப்பட வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். மைப்பேனா எழுத்து ஈரத்தில் பரவும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்று பதிவேட்டையும் ஆண்டுக்கு ஒரு முறை பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைச் சேகர (ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தோட்டத்து ஆலயங்கள் பெரும்பாலும் கம்பெனி நிலத்தில் நிற்பவை, பட்டா கிடையாது. கம்பெனி போனால் எல்லாம் போகும். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டத்தில் குத்தகை 2028-ல் முடிகிறது என்று 2024-லேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அப்படிக் கலைந்து திருப்பூருக்கும் கோவைக்கும் போன குடும்பத்துப் பிள்ளைக்கு 20 வருடம் கழித்து ஞானஸ்நானச் சான்று தேவைப்படும்போது, அலமாரியில் பல்பு எரிந்ததா என்பதையும் சேகர அலுவலகத்தில் பிரதி இருக்கிறதா என்பதையும் பொறுத்துத்தான் அது கிடைக்கும். இந்த மாதமே பழைய பதிவேடுகளை எடுத்து, ஒட்டிய பக்கங்களைக் கத்தி முனையால் பிரிக்காமல், முதலில் நிழலில் இரண்டு நாள் உலரவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள்.